எல்லை கடந்த வில்லிசை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையை அடைவர். பாறசாலை கேரளத்தைச் சேர்ந்தது. களியக்காவிளை தமிழகத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும், நிலத்துக்கு எல்லை வகுத்தவர்களால் பாட்டுக்கு எல்லை வகுக்க இயலவில்லை. அப்புறத்தார் வில்லடிச்சான் பாட்டு என்பதும் இப்புறத்தார் வில்லுப்பாட்டு என்பதும் ஒன்றே. இக்கிராமியக் கலை நகரத்து மேடைக்கும் வானொலிக்கும் வந்த வரலாற்றையும், வரும் வழியில் அது பெற்றதையும் இழந்ததையும் இன்று நாம் சிறிது நோக்குவோம்.

மணிகள் கட்டிய நீண்ட வில்லை ஒரு மண்குடத்தின் மீது சாய்த்து, அதன் நாணை வீசுகோல்களால் அடித்துத் தலைமைப் பாடகர் கதை தொடங்குவார். குடம், உடுக்கு, தாளம், கட்டை ஆகியவை துணை நிற்கும். சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை விழா நடக்கும்பொழுது இரவு முழுவதும் இப்பாட்டு ஒலிக்கும். அங்கே பாட்டு வழிபாட்டின் ஓர் உறுப்பு. தெய்வம் பிறந்த கட்டமும் மாண்ட கட்டமும் பாடப்படும்பொழுதே சாமியாடியின் மீது அருள் இறங்கும். ஸ்டுவார்ட் பிளாக்பர்ன் என்னும் ஆராய்ச்சியாளர் 1988இல் இக்கலையைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பே 'பிறப்பையும் இறப்பையும் பாடுதல்' எனப் பொருள்படுவதாகும்.

திரைப்படம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பாட்டு எல்லை கடக்கப் பழகியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் போரிட்டு மாண்ட வேணாட்டு வீரர் இரவிக்குட்டிப் பிள்ளை. அவரைப் பற்றிய கதைப்பாடலைத் தமிழரும் தம்முடையது என்பர். மலையாளிகளும் தெக்கன் பாட்டுகளுள் ஒன்றாகப் போற்றுவர். அதன் மொழி இரண்டுக்கும் இடைப்பட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனைக் கண்டு வியக்காமல் இருத்தல் இயலாது. அங்கே மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை!

இனி, நகரத்துக்கு வந்த கதையைக் காண்போம். 1908இல் நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலே கலைவாழ்வைத் தொடங்கி, நாடகத்துக்கும் பின்னர்த் திரைப்படத்துக்கும் சென்றவர். கோயில் மண்டபத்துக்குரிய காலட்சேபத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபமாக அதனை மாற்றி, கல்வியின் மேன்மையைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துரைத்தார். காந்தியடிகளின் வாழ்வை அவர் வில்லிசையாக நிகழ்த்த விரும்பியபொழுது, பாட்டெழுதத் துணை நின்றவர் நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம். கலைவாணர் 1957இல் மறைந்தார். சுப்பு ஆறுமுகமோ வில்லைக் கீழே வைக்கவில்லை. மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பல்லாண்டு பாடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார்.

இப்பயணத்தில் கலை பெற்றது யாது? பெருந்திரளான மக்களைப் பெற்றது. சுடலைமாடனை அறியாத சென்னைவாசியும் வில்லின் மணியோசைக்குத் தலையசைத்தான். காந்தியின் கதையும் தேசத்தின் செய்தியும் வில்லில் ஏறின. இழந்தது யாது? இரவை இழந்தது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். வானொலியிலும் நேரம் அளந்தே கொடுக்கப்படும். விடிய விடியப் பாட வேண்டிய கதை அவற்றில் எங்ஙனம் அடங்கும்? மெட்டு அடங்கும், நகைச்சுவை அடங்கும். ஊரின் பெயரும் குலத்தின் துயரும் அருள் இறங்கும் நொடியும் அடங்கா.

இதனைக் கொண்டு மேடை வில்லிசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அது இல்லையேல் வில்லின் பெயரையே நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். மேடையில் கேட்டதே முழுமை என்று கருதிவிடுதல்தான் பிழை. அவ்வாறு கருதும் நாளில், ஏட்டைக் காத்துக் கதையை மனத்தில் சுமக்கும் கிராமத்துப் புலவரைத் தேடிச் செல்வார் இல்லாது போவர். அவர் மறைந்தால், மேடைக்குக் கொடுப்பதற்கும் ஊற்று இராது.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களே, இசைத்தட்டாலும் வானொலியாலும் ஊரின் ஓசையைக் கேட்டு மகிழ்பவர்கள் நாம். விடுமுறையில் தெற்கே செல்லும்பொழுது, களியக்காவிளைக்கு அப்புறமோ இப்புறமோ ஏதேனும் ஒரு சிற்றூர்க் கொடையில் ஓர் இரவு அமர்ந்து பாருங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்று நிமிடத்தில் கேட்டது எந்தப் பெருங்கதையின் சிறுதுளி என்பதை அவர்கள் அங்கே அறிவார்கள்.