நெடும்பயண மோட்டாரா, ஸ்போர்ட்ஸ் மோட்டாரா? வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

கப்சாய் மோட்டாரில் சில ஆண்டுகள் வேலைக்குப் போய் வந்த இளைஞர், கையில் கொஞ்சம் முன்பணம் சேர்ந்ததும் பெரிய மோட்டாருக்கு மாற நினைப்பது வழக்கம். கடைக்குப் போனால் ஏறக்குறைய ஒரே விலை வட்டத்தில் இரண்டு வகைகள் கண்ணில் படும். ஒன்று, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் அகன்ற இருக்கையும் பின்னால் பெட்டி வைக்க இடமும் உள்ள சிக்கன விலை நெடும்பயண மோட்டார். மற்றொன்று, எஞ்சின் வெளியே தெரிய, வால் பகுதி மேலே தூக்கி நிற்க, பார்த்த உடனே மனத்தைப் பறிக்கும் ஸ்போர்ட்ஸ் வகைத் தெரு மோட்டார்.

பெரும்பாலோர் இரண்டின் குதிரைத்திறனையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். ஆனால் இந்த இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அந்தக் குதிரைத்திறன் மட்டும் சொல்லிவிடாது.

ஒரே அளவு எஞ்சின், இரு வேறு குணம்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டோமினார் 400, கேடிஎம் டியூக் 390 ஆகிய இரு மோட்டார்கள். டோமினாரை உருவாக்கிய நிறுவனம் இந்தியாவின் பஜாஜ். மலேசியாவில் கெடா, குருணைத் தளமாகக் கொண்ட மொடெனாஸ் அதைத் தன் பெயரில் விற்கிறது. டியூக் 390 ஆஸ்திரிய நிறுவனமான கேடிஎம்மின் வடிவமைப்பு என்றாலும், அதுவும் இந்தியாவில் புனே அருகே சாக்கானில் உள்ள பஜாஜ் தொழிற்சாலையில் தயாரானது. டோமினாரின் எஞ்சின், டியூக்கின் எஞ்சினை அடியொற்றி உருவாக்கப்பட்டது. 2017 முதல் 2023 வரை வந்த டியூக்கை எடுத்துக்கொண்டால், இரண்டுமே 373 சிசி, ஒற்றை சிலிண்டர், நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின்கள். டோமினாரின் திறன் சுமார் 40 குதிரைத்திறன். டியூக்கின் திறன் சுமார் 43. முன்சக்கர பிரேக் தட்டு இரண்டிலும் 320 மில்லிமீட்டர். டயர் அளவும் ஒன்றே.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? டியூக்கை விட டோமினார் சுமார் 20 கிலோ கூடுதல் எடை கொண்டது. அதன் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 1,453 மில்லிமீட்டர். டியூக்கில் அது 1,357 மில்லிமீட்டர்தான். டோமினாரின் இருக்கை தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. டியூக்கின் இருக்கை 830 மில்லிமீட்டர். உயரமான காற்றுத் தடுப்பு, கைக்கவசம், எஞ்சினின் அடிப்பகுதிக்கான காப்புத் தகடு, பின்னால் அமர்பவர் சாய முதுகுத் தாங்கி, சாமான் வைக்கும் தாங்கி, கைப்பேசி மின்னூட்டத் துளை ஆகியவை 2021 முதல் டோமினாரின் நெடும்பயணப் பதிப்போடு சேர்ந்தே வருகின்றன.

நீளமும் எடையும் கூடினால் மோட்டார் நேர்ச்சாலையில் ஆடாமல் போகும். ஆனால் நெரிசலில் வளைத்து நுழைய மந்தமாக இருக்கும். நீளமும் எடையும் குறைந்தால் சட்டென்று திரும்பும், சட்டென்று வேகமெடுக்கும். ஆனால் மணிக்கணக்கில் நேராக ஓட்டும்போது கையும் கழுத்தும் முதுகும் களைத்துவிடும். 250 சிசி பிரிவிலும் இதே கதைதான். டோமினார் 250 ஒரு பக்கம், டியூக் 250, யமஹா எம்டி-25, கவாசாகி இசட்250 போன்றவை மறுபக்கம்.

முதலில் லைசன்ஸ்

எந்த மோட்டார் என்று யோசிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது கையிலுள்ள லைசன்ஸ். மலேசியாவில் பி2 லைசன்ஸ் 250 சிசி வரை மட்டுமே செல்லும். 373 சிசி மோட்டாரை அதை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. பலரும் 'பி ஃபுல்' எடுத்துவிட்டே பெரிய மோட்டாருக்கு மாறுகிறார்கள்.

"கடையில் கேட்கவில்லை, கடனும் கிடைத்துவிட்டது, பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று சிலர் நினைப்பதுண்டு. தகுதியில்லாத லைசன்ஸில் ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு போகலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அது போதுமான காரணமாகிவிடும். மோட்டார் போனதோடு எதிர்த்தரப்பு வாகனத்தின் செலவும் குடும்பத்தின் தலையில் விழலாம். ஆகவே பி2 மட்டும் உள்ளவர்கள் 250 சிசிக்குள் தேடுவது, அல்லது வகுப்புக்குப் போய் 'பி ஃபுல்' எடுத்த பிறகே கடைக்குள் நுழைவது என்று இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்.

எந்தச் சாலை, எத்தனை நாள்?

அடுத்த கேள்வி, மோட்டார் ஓடப்போகும் சாலை எது என்பது. ஆண்டுக்கு ஒருமுறை போகும் பயணத்தைக் கணக்கில் கொள்ளாமல், வாரம் ஐந்தாறு நாள் போகும் சாலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சுங்கை பட்டாணியில் வீடு, பினாங்குத் தீவில் வேலை என்பவர் நாள்தோறும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்திலும் போய்வர வேண்டும். பாலத்தின் மீது பக்கவாட்டில் அடிக்கும் கடற்காற்று, பக்கத்தில் கடந்து போகும் லாரி தள்ளிவிடும் காற்று ஆகியவற்றை நாள்தோறும் சந்திப்பவருக்கு எடையும் நீளமும் கூடிய மோட்டார் நிம்மதி தரும். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றுத் தடுப்பு இல்லாத மோட்டாரில் காற்று நேரே நெஞ்சில் மோதும். அரை மணி நேரத்திற்கு அது பெரிதாகத் தெரியாது. மூன்று மணி நேரத்தில் தோளும் கழுத்தும் சொல்லிவிடும்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் போகிறவரின் நிலை வேறு. தடம் குறுகலானது, வளைவுகள் கொண்டது. மழைக் காலத்தில் சில இடங்களில் தண்ணீர் தேங்கும். பிறகு நகருக்குள் சாலை விளக்குக்குச் சாலை விளக்கு நின்று நின்று போக வேண்டும். இங்கே குறைந்த எடையும் சட்டென்று நிற்கும் தன்மையும் கைகொடுக்கும். பக்கவாட்டுப் பெட்டிகளோடு அகன்று நிற்கும் நெடும்பயண மோட்டார் இந்தத் தடத்தில் தொல்லைதான்.

வார இறுதி மலைச்சாலைக்காரர்கள் மூன்றாவது வகை. உலு யாம், கெந்திங் செம்பா, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை ஆகியவை ஸ்போர்ட்ஸ் வகையின் சொந்த ஊர் என்பார்கள். வளைவில் அது தரும் இன்பம் உண்மைதான். ஆனால் அதே வளைவுகளில் மணல், எண்ணெய்க் கசிவு, எதிரே தடம் தாண்டி வரும் காய்கறி லாரி என எல்லாமும் உண்டு. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்களே. மோட்டார் எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதைவிட ஓட்டுபவர் எவ்வளவு முன்னதாக வேகத்தைக் குறைப்பார் என்பதே உயிரைக் காக்கும். எந்த வகையானாலும் ஏபிஎஸ் பிரேக் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். ஈரச் சாலையில் பதற்றத்தில் பிரேக்கை இறுகப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அதுதான்.

பின்னால் அமர்வது யார்?

பேச்சில் அதிகம் விடுபடுவது இதுதான். திருமணமாகாத இளைஞர் தனக்கென்று வாங்கும் மோட்டாரில், அடுத்த ஆண்டே மனைவி பின்னால் அமரக்கூடும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியும் வரலாம். ஸ்போர்ட்ஸ் வகையின் பின்னிருக்கை பெரும்பாலும் உள்ளங்கை அகலம்தான். அதுவும் முன்னிருக்கையைவிட உயரத்தில் இருக்கும். பிடித்துக்கொள்ள வசதியான கைப்பிடி இருக்காது. கால் வைக்கும் இடமும் உயரத்தில் இருப்பதால் முழங்கால் மடிந்தே இருக்கும். பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் சரிந்து ஓட்டுபவரின் முதுகில் மோதுவார்.

நெடும்பயண மோட்டாரில் இருக்கை அகலம். பெரும்பாலும் முதுகுத் தாங்கி அல்லது பெட்டியில் சாய்ந்துகொள்ளலாம். சேலை, துப்பட்டா அணிந்து வருபவர் என்றால் சங்கிலியும் பின்சக்கரமும் எவ்வளவு மூடப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்போது பின்னால் அமரப்போகிறவரையும் அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிடத்தில் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

உயரம் குறைந்தவர்கள் இருக்கை உயரத்தைத் தாளில் படிப்பதோடு நிற்கக் கூடாது. ஏறி அமர்ந்து, இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது உறுதியாகத் தரையில் படிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 190 கிலோ மோட்டாரைக் கடையின் வழவழப்பான தரையில் நிறுத்துவது எளிது. சரிவான பார்க்கிங்கில், பெட்டி நிறையச் சாமானோடு பின்னால் தள்ளுவது வேறு. அதையும் ஒருமுறை செய்து பார்க்கக் கேட்கலாம்.

செலவுக் கணக்கு

சாலை வரியில் பெரிய பாரம் இல்லை. 201 முதல் 250 சிசி வரை ஆண்டுக்கு 50 ரிங்கிட். 251 முதல் 500 சிசி வரை 100 ரிங்கிட். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது. பினாங்கின் இரு பாலங்களிலும் ஜொகூரின் இரண்டாம் இணைப்புப் பாலத்திலும் மோட்டாருக்கான டோல் 2019 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது.

பெட்ரோலைப் பொறுத்தவரை, 13 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் 325 கிலோமீட்டர் வரும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் தூரத்திற்குச் சற்றுக் குறைவு. வழியில் ஒருமுறை நிரப்பினால் போதும். ஆனால் கெரிக்கிலிருந்து ஜெலி வரை செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போன்ற காட்டுப் பாதையில், காட்டு யானைகள் நடமாடும் இடத்தில், கடைசி லிட்டரை நம்பிப் போகக் கூடாது.

உண்மையான பாரம் கடனில்தான். எடுத்துக்காட்டாக, 12,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 8 விழுக்காடு சமவட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 4,800 ரிங்கிட். மாதத் தவணை 280 ரிங்கிட். விற்பவர் "மாதம் 280தான்" என்று சொல்லும்போது, மொத்தம் 16,800 ரிங்கிட் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவணைக்கு மேல் வேறு செலவுகளும் உண்டு. கப்சாய் டயரின் விலையில் இந்த மோட்டார்களுக்கு டயர் கிடைக்காது. சங்கிலியைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டும். குளிரூட்டி நீரையும் எஞ்சின் எண்ணெயையும் காலத்தில் மாற்ற வேண்டும். வாங்கும் முன்பே, வீட்டுக்கு அருகில் இந்த மோட்டாரைப் பிரித்துப் பழகிய பட்டறை இருக்கிறதா, உதிரிப் பாகத்திற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் விசாரிப்பது நல்லது. நாள்தோறும் வேலைக்குப் போக ஒரே மோட்டார்தான் என்பவருக்கு, ஒரு மாதம் பட்டறையில் நிற்கும் மோட்டார் சம்பளத்தையே பாதிக்கும்.

காப்புறுதியில் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு மட்டும் எடுத்தால் களவு போன மோட்டாருக்கு ஒன்றும் கிடைக்காது. தவணை மட்டும் தொடரும். பின்னால் அமர்பவருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். கப்சாயில் சேர்த்த என்சிடி தள்ளுபடியைப் புதிய மோட்டாருக்கு மாற்ற முடியுமா என்பதையும் கேட்கலாம். மோட்டாருக்கு அது அதிகபட்சம் 25 விழுக்காடு வரை போகும்.

ஹெல்மட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, மழையுடை ஆகியவற்றிற்கான பணத்தை மோட்டார் விலையோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும். அதற்குப் பணம் மிஞ்சவில்லை என்றால், பார்த்துவைத்த மோட்டார் அந்த வருமானத்திற்குச் சற்றுப் பெரியது என்று பொருள்.

பழைய மோட்டார் என்றால்

ஸ்போர்ட்ஸ் வகையைப் பழையதாக வாங்குவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கைப்பிடியின் முனை, கால்மிதியின் நுனி, எஞ்சின் உறையின் ஓரம் ஆகியவற்றில் தேய்ந்த தடம் இருந்தால் மோட்டார் கீழே விழுந்திருக்கிறது. முன்சக்கரத்தின் இரு தாங்கிக் குழாய்களில் எண்ணெய்க் கசிவு உண்டா, கைப்பிடி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்சோஸ் மாற்றப்பட்டிருந்தால், கூடவே அசல் எக்சோஸ் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். சத்தம் கூடிய எக்சோஸுக்குச் சாலைத் தடுப்புச் சோதனையில் சம்மன் நிச்சயம். நெடும்பயண மோட்டாரில் ஓடிய தூரம் அதிகமாக இருப்பது இயல்பே. பராமரிப்புப் பதிவு இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

யாருக்கு எது?

வாரத்தில் பல நாள் நெடுஞ்சாலை, அடிக்கடி பின்னால் ஒருவர், ஆண்டுக்கு இரண்டு மூன்று தொலைதூரப் பயணம் என்றால் நெடும்பயண மோட்டாரே பொருத்தம். பெரும்பாலும் தனியாக, நகருக்குள், குறைந்த தூரம். ஏற்கெனவே சில ஆண்டு அனுபவமும் உண்டு என்றால் ஸ்போர்ட்ஸ் தெரு மோட்டார் வாங்கி மகிழலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், லைசன்ஸும் அனுபவமும் 250 சிசி அளவில்தான் என்றால், அந்த அளவிலேயே தொடங்குவது நல்லது. நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அதற்கு 250 சிசி தாராளமாகப் போதும்.

வாய்ப்புக் கிடைத்தால் இரண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட ஓட்டத்தில் ஸ்போர்ட்ஸ் வகைதான் பெரும்பாலும் வெல்லும். அது அதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் தவணை கட்டப்போவது 60 மாதம். மழையில், இரவு வேலை முடிந்து, பின்னால் மனைவியோடும் மடியில் பையோடும் வீடு திரும்பும் நாளில் எந்த மோட்டார் கையில் இருந்தால் நிம்மதி என்பதை நினைத்துப் பார்த்து முன்பணத்தைக் கட்டுபவர் பின்னால் வருந்த மாட்டார்.