சிங்கப்பூரில் வீடு கேட்டவர்கள்

வீடு எப்போது கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும், கிடைத்த வீடு யாருடையது என்ற மூன்று கேள்விகளைத்தான் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகங்களில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜனங்கள் பல பாஷைகளில் கேட்டு வருகிறார்கள். வாடகை எவ்வளவு, மின்தூக்கி எந்த மாடியில் நிற்கும், மகனுக்குக் கல்யாணமானால் அருகிலேயே வேறொரு வீடு தருவீர்களா என்பன போன்ற உபகேள்விகள் எல்லாம் இம்மூன்றிலிருந்து கிளைத்தவையே. இவற்றுக்குச் சர்க்கார் அளித்த பதில்கள் காலத்துக்குக் காலம் மாறிய விதத்தைக் கவனித்தால், அந்நகரின் நவீன சரித்திரத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கேள்விகளைக் கேட்க இடமே அநேகமாக இல்லை. 1927இல் ஏற்பட்ட சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், 1936இல் தியோங் பாருவில் அழகிய வளைவுகளோடு கூடிய மாடி வீடுகளைக் கட்டத் தொடங்கியது உண்மைதான். ஆயினும் தன் முப்பத்திரண்டு ஆண்டு ஆயுளில் அது கட்டி முடித்தவை ஏறக்குறைய 23,000 வீடுகளே. 1957ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் இருந்தவர்களோ 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சைனாடவுன் கடைவீடுகளின் மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டு, ஜன்னலில்லாத ஒரே தடுப்புக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடங்கி வாழ்ந்தது. நகரின் விளிம்புகளில் அத்தாப்பு ஓலை வேய்ந்த கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகள் பெருகின. நம் தமிழ்த் தொழிலாளிகளில் பலர் நகராட்சியின் 'லைன்' வீடுகளிலும், ரயில்வே, துறைமுகக் குடியிருப்புகளிலும், செம்பவாங் கடற்படைத் தளத்திலும் காலங்கழித்தார்கள். அவர்களுக்கு வேலை இருக்கும்வரை வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று.

1960 பிப்ரவரி முதல் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் முதல் தலைவரான லிம் கிம் சான், வியாபாரத்தில் பொருளீட்டியவர். சம்பளம் பெறாமலே அப்பொறுப்பை வகித்தவர். எப்போது கிடைக்கும் என்ற கேள்விக்கு அவர் கண்ட உபாயம் மிகவும் எளியது: அலங்காரத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எண்ணிக்கை வேண்டும். அதற்கான அவசரத்தை விதியே உண்டாக்கிற்று. 1961 மே 25ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ, சில மணி நேரத்தில் ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. எரிந்த அந்த நிலத்திலேயே ஓராண்டு முடியுமுன் முதல் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. ஐந்தாண்டுகளில் கழகம் கட்டிய வீடுகள் 50,000க்கும் அதிகம். ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி (டாலர்), ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. இத்தனை வேகம் மேலும் தொடர நிலம் மலிவாகக் கிடைத்தாக வேண்டும் அல்லவா? அதற்கு வழி செய்தது 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டம். நிலச் சொந்தக்காரர்கள் குறைந்த நஷ்டஈட்டைப் பெற்றுக்கொண்டு முணுமுணுத்ததும் இச்சரித்திரத்தின் ஒரு பகுதியே.

கம்பத்திலிருந்து மாடிக்கு ஏறியவர்களின் கேள்விகள் வேறு விதமானவை. கோழிகளை எங்கே விடுவது, நாட்டுமருந்துச் செடிக்கு மண் எங்கே, சாவு விழுந்தால் பந்தல் எங்கே போடுவது? பன்றி வளர்த்துப் பிழைத்தவர்களில் சிலர் அவற்றையும் படிக்கட்டில் ஓட்டி மேலே கொண்டுபோக முயன்றதை அந்நாளைய பிரதமர் லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். துணி உலர்த்த முற்றம் இல்லையே என்றவர்களுக்கு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் குழாய்கள் பதித்துக் கொடுக்கப்பட்டன. அவற்றில் மூங்கில் கழிகளைச் செருகினால் பத்தாம் மாடியில் வேட்டியும் சேலையும் கொடிபோல் பறக்கும். ஈரத்துணியின் பாரத்தோடு கழியைத் தூக்கிச் செருகும் வித்தை கைவர நம் பெண்களுக்குச் சில நாள் பிடித்திருக்கும். பந்தல் கேள்விக்கு விடையாகக் கீழ்த்தளம் முழுவதையும் சுவரின்றித் திறந்துவிட்டார்கள். மலாய்க்காரர் கல்யாணமும், சீனர் சாவுச் சடங்கும், நம்மவர் கூட்டங்களும் ஒரே தூண்களுக்கிடையே முறைவைத்து நடக்கலாயின. மின்தூக்கி விஷயத்தில் மட்டும் கழகம் கணக்குப் பார்த்தது. பழைய புளோக்குகளில் அது சில மாடிகளில்தான் நின்றது. எட்டாம் மாடிக்குப் போகவேண்டிய பாட்டி, கீரைப்பையோடு ஒன்பதில் இறங்கி ஒரு மாடி படியிறங்கி வந்தாள். எல்லா மாடிகளிலும் நிற்கும்படி செய்யும் திட்டம் 2001இல்தான் ஆரம்பமாயிற்று.

வாடகைக்கு இருந்தவர்களைச் சொந்தக்காரர்களாக்கும் யோசனை 1964இல் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளிக்கும் மூவறை வீடு 6,200 வெள்ளிக்கும் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்பட்டன. குடியேறிகளின் தேசத்தில் சொந்தமென்று ஒரு வீடு இருந்தால்தான் தேசத்தின்மீது பற்று வரும் என்பது லீயின் கணக்கு. ஆனால் முன்பணத்துக்கு எங்கே போவது என்று ஜனங்கள் கேட்டார்கள். விற்பனை மந்தமாகவே நடந்தது. 1968இல் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம் என்று அனுமதித்த பிறகே வரிசை நீண்டது. வாங்கியதை விற்கலாமா என்ற அடுத்த கேள்விக்கு, கழகத்திடமே திருப்பிக் கொடுக்கலாம் என்பது முதலில் கிடைத்த பதில். 1971இல்தான் மூன்றாண்டு குடியிருந்தவர் பிறருக்கு விற்கலாம் என்றாயிற்று. சேமிப்பும் வீடும் ஒன்றாய்க் கலந்த அந்தக் கணத்திலிருந்து சிங்கப்பூரியனுக்கு வீடு என்பது முதுமைக்கால மூலதனமும் ஆகிவிட்டது. இது பெருமைக்குரிய சாதனையே ஆயினும், பின்னாளைய கவலைகளின் விதையும் இங்கேதான் விழுந்தது.

யாருக்குக் கிடைக்கும் என்பதில் கழகத்தின் மனம் லேசில் இளகவில்லை. குடும்பமாக வந்தவர்களுக்கே வீடு என்ற விதியால், மணமாகாதவர்கள் வெகுகாலம் வாசலில் நின்றார்கள். 35 வயது நிரம்பிய தனியாட்கள் மறுவிற்பனை வீடு வாங்க 1991இல் வழி பிறந்தது. கழகத்தின் புதிய ஈரறை வீடு வாங்க 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் சாரம். ஓரினத்தார் ஓரிடத்தில் திரண்டு பிரிந்துவிடக்கூடாது என்ற நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் தொகை சுருங்க, கிரயமும் இறங்கும். ஒற்றுமையின் செலவைச் சிறுபான்மையோர் தம் பையிலிருந்து கட்டும் இந்நிலை நெடுநாள் நீடித்தது. விற்க இயலாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் உதவி 2022இல்தான் வந்தது. தாமதமான நியாயம் என்றே இதைச் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொருளாதார நெருக்கடி தாக்கியபோது நீண்ட வரிசை கரைந்து, கட்டிய வீடுகள் வாங்க ஆளின்றித் தேங்கின. சூடுபட்ட கழகம், விண்ணப்பங்கள் போதிய அளவு சேர்ந்த பிறகே கட்டும் பிடிஓ (பில்ட்-டு-ஆர்டர்) முறைக்கு 2001இல் மாறிற்று. அதன் பலனாக இன்றைய இளந்தம்பதிகள் குலுக்கலில் எண் விழுந்த பிறகும் சாவிக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது மூன்றாவது கேள்வி. குடியிருப்போரில் பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் வாழ, அவர்களில் மிகப்பெரும்பாலோர் தம்மைச் சொந்தக்காரர் என்றே கருதுகிறார்கள். ஆனால் 99 ஆண்டு கழிந்தால் வீடு கழகத்துக்கே திரும்பிவிடும். 1995 முதல் சில பழைய புளோக்குகளைச் சர்க்கார் முன்கூட்டியே வாங்கி, புது வீடு கொடுத்து வந்ததால், எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்கும் என்றொரு நம்பிக்கை பரவிற்று. அப்படி எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம் என்று அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் 2017இல் வெளிப்படையாகவே எச்சரித்தார். அறுபதுகளில் விற்ற முதல் வீடுகளின் குத்தகை 2060களில் முடிகிறது. ஆதலால் மறுவிற்பனை வீடு பார்க்கப் போகும் அன்பர்கள், காற்றும் வெளிச்சமும் எப்படி என்று விசாரிக்குமுன், குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.