எண்ணெய்க் கணக்கு

போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. அந்தப் பெயரைவிட வயதான அவுட்போர்டு இன்ஜின்கள் இன்னும் சிலரிடம் உண்டு.

ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தின் வாரிசுகள் அவை. இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக்குகளில் எண்ணெய்க்குத் தனி அறை கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காக்கும். வெண்கல புஷ் இருந்த காலத்தில் 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். ஊசி பேரிங்கும் நல்ல எண்ணெயும் வந்தபின், 1960களில், பல மாடல்களில் அது 50க்கு ஒன்றானது. பத்து லிட்டருக்கு 417 மில்லி கேட்கும் இன்ஜினுக்கு, இன்றைய கணக்கில் 200தான் கிடைக்கும்.

அப்படி இறுகிப்போன ஒன்றைக் கிள்ளானில் பார்த்தேன். அப்பா போனபின் மகன் போத்தலில் இருந்த அளவை நம்பி ஊற்றியிருக்கிறார். "போத்தல பாக்காதீங்க தம்பி, இன்ஜின் என்ன வருசம்னு பாருங்க," என்றார் மெக்கானிக். எண்ணெய் கூடினால் புகையும், பிளக்கில் கரி பிடிக்கும், துடைத்துப் போட்டுவிடலாம். குறைந்தால் பிஸ்டனே போய்விடும்.

அப்பா கை அளவாகவே ஊற்றியவர், எங்கும் எழுதிவைக்கவில்லை. உழைத்தவர்களின் வரலாற்றில் பெரும்பகுதி இப்படிக் கையோடு போனதுதான். டேங்க் மூடியில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த இன்ஜின் இன்றும் ஓடும்.