கன்னியாகுமரி மாவட்டத்தில் நெருக்கடிக்கால அரசுப்பணிகள்

மழை பொய்த்தோ வணிகம் முடங்கியோ மக்கள் வேலையிழக்கும்போது, அரசு தன் செலவில் கால்வாய், குளம், சாலை முதலிய வேலைகளைத் தொடங்கிக் கூலி வழங்குவது நெருக்கடிக்கால அரசுப்பணி எனப்படும். அவ்வாறு வழங்கப்படும் கூலி கடைத்தெருவுக்குச் சென்று பிறருக்கும் பிழைப்பளிக்கிறது என்பதை ஆங்கிலப் பொருளியலறிஞர் கீன்ஸ் 1936இல் விரிவான கோட்பாடாக வகுத்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான தென் திருவிதாங்கூரில் இத்தகைய பணிகளின் வரலாறு அதற்கும் முந்தியது.

முற்காலம்

பொன்மனை அருகேயுள்ள பாண்டியன் அணையும், 18ஆம் நூற்றாண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்த புத்தன் அணையும் இப்பகுதியின் பழைய நீர்ப்பணிகள். அக்காலத்தில் அரசு வேலைகளுக்கு ஒடுக்கப்பட்ட சாதியினரை 'ஊழியம்' என்ற பெயரில் கூலியின்றி வருத்தி வேலை வாங்கும் கொடிய வழக்கம் இருந்தது. அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. திவான் தி. மாதவராவ் (1858–1872) காலத்தில் பொதுப்பணித்துறை முறையாக அமைந்தது. கூலிக்கு ஆள் அமர்த்தும் முறை வேரூன்றியது அதன் பிறகே.

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்

1860ஐ ஒட்டி மழை தவறியதால் தென் திருவிதாங்கூரைப் பஞ்சமும் காலராவும் வாட்டின. இக்கால்வாய் வேலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைப்பது இதன் நோக்கம். அனந்தபத்மநாபர், விக்டோரியா அரசி, திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆகியோரின் பெயர்கள் இதற்குச் சூட்டப்பட்டன. பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரை வெட்டப்பட்டதோடு திட்டம் நின்றது. போக்குவரத்துக்கென வகுக்கப்பட்டதாயினும், பஞ்ச காலத்தில் மண்வெட்டும் கூலியாட்களுக்கு வேலை தந்தமையால் இதை மாவட்டத்தின் முதல் பெரும் நெருக்கடிக்காலப் பணியாகக் கொள்வதே பொருத்தம். இன்று தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது.

பேச்சிப்பாறை அணை

இவ்வணை மன்னர் மூலம் திருநாள் ஆட்சியில் கோதையாற்றின் குறுக்கே 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. பணியை நடத்திய பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சினை மக்கள் 'மூக்கன் துரை' என அழைத்தனர். அவருடைய கல்லறை அணையருகே உள்ளது. கட்டுமானக் கூலி ஒன்பது ஆண்டுகளோடு முடிந்தது. ஆனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லுக்கும் தண்ணீர் உறுதியானதால், நடவிலும் அறுப்பிலும் கிடைத்த வேலை தலைமுறைகளுக்கு நீடித்தது.

மாத்தூர் தொட்டிப்பாலம்

1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தபின் எழுந்த பணிகளில் இது முதன்மையானது. காமராசரின் முயற்சியால் விளைந்து 1966இல் நிறைவுற்றது. 28 தூண்கள் மேல் 115 அடி உயரத்தில் பட்டணங்கால்வாய் நீரைப் பறளியாற்றைக் கடக்கச் செய்கிறது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வறட்சிக்கு இது நிலையான தீர்வாக அமைந்தது.

நூறு நாள் வேலை

நூறு நாள் வேலைக்கு வழிசெய்த 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், மூன்றாம் கட்டமாக 2008 ஏப்ரல் 1 முதல் இம்மாவட்டத்துக்கு வந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் உலக நிதி நெருக்கடி முற்றியது. 2008–09இல் நாடு முழுவதற்கும் முதலில் ரூ.16,000 கோடியாக இருந்த ஒதுக்கீடு ரூ.30,000 கோடியாகத் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் ரூ.39,100 கோடியை எட்டியது. ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களிலும் குளம் தூர்வாருதல், கால்வாய்க் கரை சீரமைப்பு போன்ற வேலைகள் நடந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்பது இதன் தனிச்சிறப்பு. தமிழ்நாட்டில் இவ்வேலையைப் பெரும்பாலும் செய்துவந்தவர்கள் பெண்களே. வயல்வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலவுடைமையாளர்கள் குறைகூறுவதுண்டு. கூலியைப் பேசி வாங்கும் வலிமை உழைப்பவருக்குக் கிடைத்தது என்பதே அதன் உண்மைப் பொருள்.

அண்மைக்காலம்

கொரோனா முடக்கத்தின்போது நூறு நாள் வேலைக்கான 2020–21 ஒதுக்கீடான ரூ.61,500 கோடியுடன் மேலும் ரூ.40,000 கோடி அறிவிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.