பலாலி – சென்னை: 356 கிலோமீட்டர் தூரத்தின் கதை

ஆரணியிலிருந்து சென்னை சுமார் 130 கி.மீ. தான். பேருந்தில் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும்! நேர்கோட்டில் தூரம் சுமார் 356 கி.மீ. திருச்சி இன்னும் பக்கம், சுமார் 185 கி.மீ. தான். இவ்வளவு சிறிய தூரத்தை நேராகக் கடக்க யாழ்ப்பாண மக்கள் சுமார் 40 வருடங்கள் காத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் பலாலியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பு அருகே உள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. காங்கேசன்துறை என்று அப்போது சொன்னது பலாலியைத்தான். அந்த டகோட்டா விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு முன்பே இந்தப் பாதை இருந்திருக்கிறது!

1970களின் இறுதியில் இந்தியாவுக்கான விமானங்கள் நின்றன. 1983இல் போர் தொடங்கியது. பலாலி ராணுவத் தளமாக மாறியது. 1990இல் சுற்றியிருந்த கிராம மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். கொழும்புக்கு ஓடிய உள்நாட்டு விமானங்களும் பாதுகாப்பாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் அருகே கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நேர் விமானம் இல்லாத காலத்தில் சென்னை வர வேண்டுமென்றால், முதலில் தெற்கே கொழும்புக்குச் சாலையில் சுமார் 400 கி.மீ. போக வேண்டும். அங்கிருந்து விமானத்தில் மறுபடி வடக்கே சுமார் 640 கி.மீ. வர வேண்டும். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதாவது நேர் தூரத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு! 2006இல் ஏ9 சாலை மூடப்பட்ட பிறகு, பலர் கப்பலில் திருகோணமலை போய், அங்கிருந்து கொழும்பு போனார்கள். மருத்துவத்துக்கு வருபவருக்கும் படிக்க வருபவருக்கும் இது எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று யோசித்துப் பாருங்கள்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. ஓடுபாதை சிறியது என்பதால் ஏடிஆர் வகை சிறிய விமானங்கள்தான் வந்தன. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. 2025இல் திருச்சிக்கும் விமானம் வந்தது.

1947இலும் இன்றும் தூரம் அதே 356 கி.மீ. தான். ஆனால் அதைக் கடக்க ஒன்றேகால் மணி நேரமா, ஓரிரு நாட்களா என்பதை விமானத்தின் வேகம் தீர்மானிக்கவில்லை. போரும் அரசியலும்தான் தீர்மானித்தன.