நீர்முள்ளிக்கும் ஓர் இடம்: சிறிய ஹெர்பேரியங்களின் மின்னுருவாக்கத்தில் முன்னுரிமை பற்றி

1929-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஃபீல்ட் மியூசியத்தைச் சேர்ந்த மக்பிரைட் என்னும் தாவரவியலாளர் ஐரோப்பாவுக்குச் சென்று, ஒரு தாவரத்தின் பெயர் எந்த உலர்ந்த கிளையை ஆதாரமாகக் கொண்டு வழங்கப்பெற்றதோ அந்த வகைமாதிரிகளை பெர்லின் முதலிய நகரங்களின் ஹெர்பேரியங்களில் தேடிப் புகைப்படமெடுக்கத் தொடங்கினார். 1943 மார்ச் மாதத் தொடக்கத்தில் விமானக் குண்டுவீச்சால் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தழிந்தபின், மூலத் தாள்கள் மறைந்துபோன பல தாவரங்களுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களே சாட்சியமாக நின்றன. வகைமாதிரிகளையே முதலில் படமெடுக்கவேண்டும் என்ற விதி இன்றுவரை செல்வாக்கோடு விளங்குவதற்கு இத்தகைய அனுபவங்கள் வலுவூட்டியுள்ளன. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை அவ்விதியை நான் மறுக்கவில்லை. அதையே நம் கல்லூரிகளின் சிறிய ஹெர்பேரியங்களும் பின்பற்றவேண்டும் என்பது தவறு என்றும், அவை தத்தம் பிரதேசத்துச் சாதாரணத் தாவரங்களின் தாள்களையே முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறிய ஹெர்பேரியத்தில் வகைமாதிரிகள் மிகச் சில. பலவற்றில் ஒன்றேனும் இராது. அங்கே இருப்பது வேறொரு வகைச் செல்வம்: ஒரே வட்டாரத்தில், ஒரே ஏரிக்கரையிலும் குன்றடிவாரத்திலும், ஆண்டுதோறும் மாணவர்களும் ஆசிரியர்களும் நடந்து சேகரித்த தாள்களின் தொடர்ச்சி. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் மாத்யூ பாதிரியார் 1967-இல் நிறுவிய ராபினட் ஹெர்பேரியம், இவ்வாறு வட்டாரத்தை ஊன்றி நடந்து சேகரிப்பதன் பயனைத் தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலாக உலகுக்குக் காட்டியது. தொலைவிலிருந்து வந்த சேகரிப்பாளர்கள் அரியவற்றை நாடி மலையேறுவது இயல்பு. வயல் வரப்பில் கிடப்பதைப் பறித்து உலர்த்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர்களே. ஆகவே அந்தத் தாள்களுக்கு மறுபிரதி வேறெங்கும் இல்லாமலிருக்கக்கூடும். சாதாரணம் என்பது ஒரு செடியின் நிரந்தர குணமன்று, ஒரு காலத்து நிலைமை மட்டுமே என்பதையும் இங்கே கருதவேண்டும்.

நான் பல ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தில் நீர்முள்ளித் தாள் ஒன்று உண்டு. தண்டு நான்கு இடங்களில் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. கணுக்கள்தோறும் நிற்கும் முட்கள் மேலுறையைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பூக்கள் தேயிலைச் சக்கையின் நிறத்தை அடைந்துவிட்டன. வலப்புறத்துக் கீழ்மூலையிலுள்ள சீட்டில், ஏரியின் உள்வாய், ஈரக் களிமண், பூ ஊதா, ஏராளம் என்று மங்கிய மையில் குறிப்பு. அந்த ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம் நிற்கிறது. செடியின் உருவத்தை வேறு நூறு தாள்களிலிருந்து அறியலாம். அந்த ஏரியில் அது ஏராளமாக இருந்தது என்ற செய்தியைச் சொல்வதற்கு உலகில் இந்தச் சீட்டைத் தவிர வேறொன்றில்லை.

இதனால்தான் படத்தைவிடச் சீட்டின் வாசகத்தைப் பெயர்த்தெழுதும் வேலைக்கே அதிக சிரத்தை வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் முதன்முறை இவ்வேலையைச் செய்தபோது, நல்லெண்ணத்தோடுதான், பழைய ஊர்ப்பெயர்களையும் மாவட்டப் பெயர்களையும் இன்றைய வழக்குக்குத் திருத்தியே கணினியில் பதித்தோம். 1974-இல் புதுக்கோட்டையும் 1995-இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாயின அல்லவா? அதற்கு முந்திய சீட்டுகளில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றிருந்ததை எங்கள் ஊகப்படி பிரித்து எழுதிவிட்டோம்; எது சேகரித்தவர் சொன்னது, எது எங்கள் ஊகம் என்று பின்னர் எவராலும் கூற இயலாமற்போயிற்று. ஒரு மழைக்காலம் முழுவதும் தாள்களை மீண்டும் எடுத்துப் படிக்கவேண்டியதாயிற்று. சீட்டில் உள்ளதைப் பிழையோடும் அப்படியே ஒரு பத்தியிலும், நம்முடைய விளக்கத்தை அதைச் செய்தவர் பெயரோடும் தேதியோடும் மற்றொரு பத்தியிலும் எழுதுவதென்ற வழக்கம் அதன்பிறகே எங்களிடம் நிலைத்தது.

படமெடுக்கும் கருவியைப் பற்றிய அச்சமும் தேவையற்றது. வழக்கமான ஹெர்பேரியத் தாள் 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற உயர்ந்த அளவில் எடுத்தால் ஒரு தாளுக்குச் சுருக்கப்படாத கோப்பு ஏறக்குறைய 200 மெகாபைட் ஆகும். 20,000 தாள்களுக்கு 4 டெராபைட். இது சிறிய கல்லூரிக்குச் சுமைதான். தாளின் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் சாதாரணக் கேமராவின் சட்டத்துக்கும் பொருந்துவதால், 24 மெகாபிக்சல் கேமராவைத் தாங்கியில் பொருத்தி நேர்மேலிருந்து எடுத்தாலே அங்குலத்துக்குச் சுமார் 350 புள்ளி கிடைத்துவிடும். சீட்டைப் படிக்கவும் இலையமைப்பை அறியவும் அது போதும். அளவுகோலையும் நிற அட்டையையும் தாளின் வெற்றிடத்தில் வைப்பதும், முறியும் பகுதிகள் உதிராதபடி தாளைக் கவிழ்க்காமலே எடுப்பதும் அவசியம்.

படம் எடுத்தாயிற்று, தாள் இனி எதற்கு என்று கேட்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு விடை உண்டு. 1987-இல் உட்வர்ட் என்னும் ஆராய்ச்சியாளர் ஹெர்பேரியத்து இலைகளின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இருநூறு ஆண்டுகளில் இலைத்துளைகளின் அடர்த்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டு, காற்றில் கரியமிலவாயு பெருகியதோடு அதைத் தொடர்புபடுத்தினார். அந்தத் துளைகளை நம் கேமரா காட்டாது. அந்த இலைகளை உலர்த்தியவர்களும் இப்படியொரு பயனை எதிர்பார்த்திருக்க முடியாது.

ஆதலால் தாளைக் காப்பதும் படமெடுப்பதும் ஒரே வேலையாகவே நடைபெறவேண்டும். படத்துக்காக அலமாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கட்டும், பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டப்பட்டு, உறைபதனப் பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழ் 20 பாகையில் ஒரு வாரம் இருந்தபின்னரே மேஜைக்கு வருவது நல்லது. தாளின்மேல் நுண்ணிய மாவாகத் துகளை உதிர்க்கும் சிறு பழுப்பு வண்டும் இராமபாணமும் இதனால் ஒழியும். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரித்துவிட்டால் ஈரம் படியும். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்கவேண்டும். பழைய தாள்களில் பல பாதரசக் குளோரைடு பூசப்பெற்றவை என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் அவர்கள் கையில் கொடுப்பது பெருந்தவறு.

இன்னுமொன்று. சேகரிப்பு எண் தாளில் இருக்கும். அந்த எண்ணுக்குரிய முழுக்குறிப்பு சேகரித்தவரின் களக்குறிப்பேட்டில் இருக்கும். எங்கள் நீர்முள்ளியின் களக்குறிப்பேடு இரும்பு பீரோவின் அடித்தட்டில், தேர்வுத்தாள் கட்டுகளுக்கு அடியில் அகப்பட்டது. அதே எண்ணுக்கு நேரே, அன்று கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் அச்செடிக்குச் சொன்ன பயன்கள் மூன்று வரிகளில் எழுதப்பட்டிருந்தன. சீட்டில் அந்த வரிகளுக்கு இடம் போதவில்லை. இப்போது குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் படமெடுத்துத் தாளின் எண்ணோடு இணைத்திருக்கிறோம்.