தூரத்து மருத்துவமனைக்கு இலவச வாகனம்: யாருக்குக் கிடைக்கும்?

லோபாக் வட்டாரத்திலும் லாபு, ரந்தாவ், மந்தின் பக்கத்துத் தோட்டங்களிலும் உள்ள நோயாளிகள் முதலில் செல்வது சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு. அங்கிருந்து சிலரைப் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்திற்கோ கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்திற்கோ அனுப்புகிறார்கள். புத்ராஜெயா சுமார் 50 கிலோமீட்டர். கதிரியக்கச் சிகிச்சை வழக்கமாக வாரத்திற்கு 5 நாள். 5 வாரம் என்றால் 25 பயணம், போகவர 2,500 கிலோமீட்டர். வண்டி இல்லாத குடும்பம் பாதியிலேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் தொண்டூழியர்கள் காரோட்ட முன்வருகிறார்கள்.

யார் தகுதி பெறுவர்?

அமைப்புக்கு அமைப்பு விதி மாறினாலும், பொதுவாகப் பார்ப்பது மூன்று.

உடல்நிலை: நோயாளி தானாகவோ ஒருவர் கைத்தாங்கலிலோ ஏறி இறங்கி, வழி முழுதும் உட்கார்ந்து வர முடிய வேண்டும். வழியில் ஆக்சிஜனோ தாதியின் கவனிப்போ தேவைப்படுவோருக்கு ஆம்புலன்ஸ்தான் பொருத்தம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்ற அவசரத்திற்கு உடனே 999.

தேவை: குறைந்த வருமானம், சொந்த வாகனமின்மை, அழைத்துச் செல்ல ஆளில்லாமை.

சிகிச்சை: மருத்துவமனை கொடுத்த தேதி கையில் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2003-இல் தொடங்கிய 'ஏஞ்சல் ஃபிளைட்' நோயாளிகளைச் சிறு விமானங்களில் இலவசமாக ஏற்றிச் செல்கிறது. அங்கும் இதே அளவுகோல்தான். மருத்துவப் பணியாளரின் பரிந்துரையும் வேண்டும்.

எங்கே கேட்பது?

முதலில் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மருத்துவ சமூகநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்த உதவிக்கு நீங்கள் பொருந்துவீர்கள் என்று அங்குள்ள அதிகாரி குடும்ப நிலையை விசாரித்துச் சொல்வார். மைகார்டு, தேதி அட்டை, பரிந்துரைக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு போங்கள். சமூகநலத் துறையை 'தாலியான் காசே' 15999 எண்ணில் அழைக்கலாம். சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளர் ரத்தச் சுத்திகரிப்பு உதவிக்குச் சொக்சோ அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுவோரும் அவர்தம் துணைவரும் 'பெக்கா பி40' திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் தகுதியுள்ளவர்களுக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை போக்குவரத்து ஊக்கத்தொகை அதில் உண்டு.

கவனிக்க

தேதி கிடைத்த அன்றே கேளுங்கள். முதல் நாள் மாலை அழைத்தால் ஓட்டுநர் கிடைப்பது அரிது. உடன் வருபவர், சக்கர நாற்காலி, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேதி மாறினால் உடனே தெரிவியுங்கள். அந்த இருக்கை இன்னொரு நோயாளிக்குப் பயன்படும். தொண்டூழியர் கட்டணம் வாங்குவதில்லை. யாராவது பணம் கேட்டால், ஏறுவதற்கு முன் சமூகநல அதிகாரியிடம் சொல்லுங்கள்.